அத்தான் பேரல் பார்த்த நாட்கள்

என் பீரோவில் பட்டுச்சேலைகளுக்கு அடியில் ஓர் அட்டை இருக்கிறது. துப்பாக்கி சுடும் போட்டிகளில் குறி வைக்கிற அட்டை. நடுவில் கறுப்பு வட்டம், அதற்குள் மெல்லிய வெள்ளை வளையங்கள். மையத்தை ஒட்டி ஒன்பது குண்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் பாய்ந்து ஒரே கிழிசலாகிவிட்டன. பத்தாவது மட்டும் வலது பக்கம் மேலே, பந்தியில் கோபித்துக்கொண்டு எழுந்து போன விருந்தாளி மாதிரி, தனியாக ஓர் ஓட்டை போட்டிருக்கிறது. கல்யாணம் காட்சிக்குச் சேலை எடுக்கும்போதெல்லாம் அது கையில் தட்டுப்படும். எடுத்த சேலையை மறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். சுட்டவர் என் அக்காவின் வீட்டுக்காரர்.

அத்தானைப் பார்த்தால் துப்பாக்கி சுடுகிறவர் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஒல்லியான உடம்பு, தடித்த கண்ணாடி, பாதி மட்டும் மடித்துவிட்ட முழுக்கைச் சட்டை. தச்சநல்லூரில் அவர்களுடையது பழைய மாடி வீடு. முட்டைகூட வாசல் தாண்டாத சைவ வீடு அது. கரப்பான்பூச்சி வந்தால் அக்காதான் விளக்குமாற்றை எடுக்க வேண்டும். அத்தான் நாற்காலிமேல் ஏறிக்கொள்வார். அந்த வீட்டு இரும்புப் பெட்டியில் ஒரு ரைஃபிள் இருந்தது என்றால் சிரிப்புத்தான் வரும். கல்லூரியில் படிக்கும்போது நான் அவர்கள் வீட்டில் தங்கியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவர் ரைஃபிள் கிளப் மைதானத்தில் குப்புறப்படுத்து, ஐம்பது மீட்டர் தள்ளி நிற்கும் அட்டையைச் சுடுவார். எதற்கு சார் இதெல்லாம் என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்வார்: "பேப்பருக்குத்தான்வே." குறி அட்டையைத்தான் பேப்பர் என்பார்.

வருஷக்கணக்காகச் சுட்டதில் அந்த ரைஃபிளின் பேரல், அதாவது குண்டு பாய்ந்து வெளியேறும் குழாய், தேய்ந்து போயிருந்தது. அதன் உள்பக்கம் திருகாணி போலச் சுற்றிச் செல்லும் வரிகள் உண்டு. குண்டைச் சுழற்றி நேராக அனுப்புவது அந்த வரிகள்தான். அவை மழுங்கிவிட்டால் எவ்வளவு நல்ல கையாக இருந்தாலும் குண்டு தன் இஷ்டத்துக்குப் போகும். மாநிலப் போட்டிக்கான தேர்வு வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. கிளப் மூலமாக வெளிநாட்டிலிருந்து இரண்டு பேரல்கள் வரவழைத்தார்கள். ஒன்றை அத்தான் எடுத்துக்கொள்ளலாம், மற்றது மதுரையில் ஒருவருக்கு. இரண்டும் பேட்டையில் லைசென்ஸ் வைத்திருந்த துப்பாக்கி மெக்கானிக்கின் பட்டறைக்கு வந்து சேர்ந்தன. அன்றிலிருந்து அத்தான் சாயங்காலமானால் பட்டறையில்தான். அக்கா அப்போது நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். நேரங்காலம் தெரியாமல் அங்கேயே உட்கார்ந்துவிடுவார் என்று என்னையும் அவருடைய ஸ்கூட்டரில் ஏற்றிவிடுவாள். "என்னைப் பாக்க வந்தப்ப காப்பி ஆறதுக்குள்ள சம்மதம் சொன்ன மனுசன், இந்த இரும்புக்கு ஒரு மாசமா யோசிக்காரு" என்பாள்.

அவர் யோசித்தது எனக்கு இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. பேரலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடி உள்ளே பார்ப்பார். வளையம் வளையமாக ஒளி உள்ளே ஓடும். பிறகு ஒரு மெல்லிய ஈயத்துண்டைப் பின்பக்கம் நுழைத்து, கம்பியால் பைய தள்ளிக்கொண்டே போவார். கண்ணை மூடிக்கொண்டுதான் தள்ளுவார். எல்லா இடத்திலும் ஒரே இறுக்கமாகப் போக வேண்டும், வாய்ப்பக்கம் வரும்போது இன்னும் கொஞ்சம் இறுகினால் விசேஷம். நடுவில் எங்கேயாவது சட்டென்று இளகினால் அந்த இடத்தில் குண்டு ஆடும். என் கையிலும் கம்பியைக் கொடுத்து, "அங்கன வழுக்குதா, பாரு பிள்ள" என்று கேட்பார். எனக்கு ஒன்றும் தெரியாது; தெரிந்த மாதிரி தலையாட்டுவேன். இரண்டாவது பேரலில் ஓரிடத்தில் லேசாக வழுக்குகிறது என்று அவருக்குச் சந்தேகம். ஆனால் சந்தேகத்தை வைத்து ஒன்றைத் தள்ளிவிட அவருக்கு மனசு வராது. சுட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்வேன் என்றார்.

அந்த மாதம் ஊரில் அவரைப் பற்றி வேறொரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அத்தானின் அண்ணனுக்கும் அவர்களுடைய சித்தப்பா மகனுக்கும் வாய்க்கால் கரையோரத்து மனை ஒன்றில் பங்குத் தகராறு. சித்தப்பா மகன் வீடு அதே தெருவில், எதிர்வரிசையில் நாலைந்து வீடு தள்ளி இருந்தது. ஒரே இலையில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தான். சுவர் கட்டுவதும் இடிப்பதுமாக விஷயம் போலீஸ் வரைக்கும் போய்விட்டது. அத்தான் இதில் வாயே திறக்கவில்லை; அவருக்கு அந்த மனையும் வேண்டாம், சண்டையும் வேண்டாம். ஆனால் அவருடைய அண்ணன் டீக்கடையில் உட்கார்ந்து, "எந் தம்பிக்கு வெளிநாட்டுலேருந்து பேரல் வந்திருக்கு, தெரியும்லா?" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவ்வளவு போதாதா? பால்காரர் அக்காவிடம், "சாருக்கு பேரல் வந்துட்டாமே" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். நான் காய் வாங்கப் போனால் பேச்சு நின்றுவிடும். எதிர்வரிசையில் முன்பெல்லாம் திறந்தே கிடக்கும் கதவுகள் பகலிலும் சாத்தியிருந்தன. எனக்கு அந்தத் தெருவில் நடக்கவே பயமாக இருந்தது.

அக்காவும் பயந்தாள். "துப்பாக்கியக் கொண்டுபோயி துப்பாக்கிக் கடையில ஒப்படைச்சிட்டு வந்துருங்க. பிள்ளை பொறந்த பெறகு பாத்துக்கிடலாம்" என்று அழுதாள். அவருடைய அண்ணனோ அது வீட்டில் இருக்கிறவரைதான் எவனும் வாசல் மிதிக்கமாட்டான் என்றார். இரண்டு பேருக்கும் நடுவில் அத்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். கணக்கு வாத்தியார் அல்லவா, நிரூபித்துக் காட்டினால் எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள் என்று நம்புகிறவர். சித்தப்பா மகனையே மைதானத்துக்குக் கூப்பிட்டார். பேரல் எதற்கு என்று அவனே நேரில் பார்த்துவிட்டால் ஊர்ப்பேச்சு அடங்கிவிடும் என்பது அவர் கணக்கு.

அவனும் வந்தான். சலவைச் சட்டை, நெற்றியில் திருநீறு, கையில் அக்காவுக்கென்று ஒரு பொட்டலம் அல்வா. மைதானத்தில் சிமெண்டு மேடை ஒன்று உண்டு. மனிதக் கையின் நடுக்கம் சேராமலிருக்க, பேரலை அதில் இரும்புப் பிடியில் பூட்டிச் சுடுவார்கள். மெக்கானிக் முதல் பேரலைத் தற்காலிகமாகப் பொருத்திக் கொடுத்தார். பத்துக் குண்டு. அட்டையைக் கொண்டுவந்து பார்த்தால் நட்டநடுவில் ஒரே ஓட்டை. ஒரு புளியங்கொட்டையை வைத்தால் மூடிவிடும். அடுத்து இரண்டாவது பேரல். ஒன்பது குண்டு சேர்ந்து விழுந்தது, ஒன்று விலகியது. திரும்பச் சுட்டபோதும் அப்படியே. "ஒண்ணு மட்டும் விலகுனா அது கை இல்ல, பேரல்" என்று அத்தான் என்னிடம் சொன்னார். வழுக்குகிறது என்று அவர் கை சொன்னது சரிதான் என்று தெரிந்ததில் முகமெல்லாம் சிரிப்பு. விலகிய அட்டையை என் கையில் திணித்துவிட்டு, புளியங்கொட்டை அட்டையைச் சித்தப்பா மகனிடம் நீட்டினார். "வச்சுக்கோடே. இவ்வளவுதான் விசயம். பேப்பருக்குத்தான்."

அவன் அட்டையை வாங்கி அந்த ஓட்டையில் விரலை வைத்துப் பார்த்தான். பிறகு திரும்பி, அட்டை நின்ற இடத்தையும் மேடையையும் மாறி மாறிப் பார்த்தான். "எவ்வளவு தூரம்ணே இது?" என்றான். அத்தான் சொன்னார். "எங்க வாசலுக்கும் உங்க மாடிக்கும் இவ்வளவுதான் இருக்கும், என்ன?" என்று சிரித்தான். அத்தானும் சேர்ந்து சிரித்தார். இதை நிரந்தரமாகப் பொருத்த எத்தனை நாளாகும் என்று அடுத்துக் கேட்டான். ஒரு வாரம் துப்பாக்கி பட்டறையில்தான் கிடக்கும் என்று அத்தான் விளக்கமாகச் சொன்னார். மறைத்துப் பேசத் தெரியாத மனுஷன்.

அந்த ஒரு வாரத்துக்குள் ஒரு காலையில், பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில், வாய்க்கால் பாலத்தில் ஸ்கூட்டரை மறித்து அத்தானை வெட்டினார்கள். சாப்பாட்டுத் தூக்கு மூடி திறக்காமல் அப்படியே கிடந்ததாம். சித்தப்பா மகனும் அவன் மச்சானும்தான். பெரிய ஆஸ்பத்திரிக்கு நாங்கள் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அக்கா அழவேயில்லை. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "அல்வாவ நான் சாப்பிட்டேன்ட்டி" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்றுவரை முழுதாக ஆறவில்லை.

கோர்ட்டில் அவன் சொன்னதைக் கேட்டு நான் திகைத்துப் போனேன். "என்னையக் கூட்டிட்டுப் போயி காட்டி மிரட்டுனாரு. அந்த அட்டைய வீட்டுல மாட்டியிருந்தோம். அதைப் பாக்கப் பாக்க எங்க யாருக்கும் தூக்கமே இல்ல" என்றான். பொய் சொல்கிறான் என்று நினைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால் அது பொய்யில்லை. சமாதானத்துக்கென்று அத்தான் கொடுத்த காகிதத்தை அவர்கள் தங்கள் பெயர் எழுதிய சாவு ஓலையாக வாசித்திருக்கிறார்கள். ஒரு ஆளைச் சுட்டுப் போடுவதற்கு எந்தத் தேய்ந்த பேரலும் போதும். காகிதத்தில் மயிரிழை தப்பாமல் அடிக்க விரும்புகிறவன்தான் ஈயத்தைத் தள்ளி, கண்ணை மூடி, மாதக்கணக்கில் தேடுவான். இதை அந்தத் தெருவுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? கைமாற்றி அந்த அட்டையை எனக்குத் தந்துவிட்டு இந்த அட்டையை அவனுக்குக் கொடுத்திருந்தால், வாத்தியாருக்குச் சுடவே தெரியவில்லை என்று வீட்டில் சொல்லிச் சிரித்திருப்பான். இதைத்தான் சேலைக்கு அடியில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ரைஃபிளைக் கடையில் ஒப்படைத்துவிட்டோம். தச்சநல்லூர் வீட்டைப் பூட்டிவிட்டு அக்காவும் நானும் பாளையங்கோட்டைக்குக் குடிவந்தோம். எனக்குக் கல்யாணமான பிறகும் என் வீடு அவள் வீட்டுக்குப் பக்கத்திலேயேதான். பையன் அங்கேதான் பிறந்து வளர்ந்தான். அப்பாவின் ஒல்லி உடம்பு, அதே தடித்த கண்ணாடி. இப்போது வேலைக்குப் போகிறான். சித்தப்பா மகன் தண்டனை முடிந்து திரும்பி வந்து அதே தெருவில், அதே வீட்டில் இருக்கிறான். தலையெல்லாம் நரைத்துவிட்டதாம். போன மாதம் கோயிலில் பையனைப் பார்த்து நல்லா இருக்கியா என்று கேட்டிருக்கிறான். பையன் என்னிடம் இதை மழை பெய்ததைச் சொல்வது போலச் சொன்னான். அதோடு, பூட்டிக் கிடக்கும் வீட்டைச் சரிபண்ணி மாடியில் போய் இருக்கப் போவதாகவும், ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து கொஞ்ச நாளாயிற்று என்றும் சொன்னான். அக்காவுக்கு இது எதுவும் தெரியாது.

"அப்பா எந்த பேரலை எடுத்தாவ சித்தி?" என்று கேட்டான்.

நான் உள்ளே போய் பீரோவைத் திறந்து இந்த அட்டையை எடுத்து வந்தேன். "இதுதான்லே உங்கப்பா சுட்டது. அப்படி ஒண்ணும் பெரிய சூரரு இல்ல" என்றேன். அப்படிச் சொன்னால் அவனுக்கு அந்த ஆசை விட்டுப்போகும் என்று நினைத்தேன். அவன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அட்டையை ஜன்னலுக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, தனியாக இருந்த அந்த ஓட்டை வழியாக வெளியே பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"ஒண்ணு மட்டும்தான சித்தி விலகியிருக்கு. இது அப்பா கை இல்ல, பேரல்" என்றான்.

"யாருலே உனக்குச் சொன்னா?"

"யாரும் சொல்லல. பாத்தாலே தெரியுதுலா. நான் நல்ல பேரலாப் பாத்து எடுத்துக்கிடுதேன்."

எதற்கு என்று கேட்டேன். கேட்கும்போதே என் குரல் தாழ்ந்திருந்தது. அந்தப் பால்காரர் அக்காவிடம் கேட்ட குரல். பையன் சிரித்தான். "பேப்பருக்குத்தான் சித்தி" என்றான். இதே வார்த்தையை அத்தான் சொன்னபோது ஊரில் ஒருவரும் நம்பவில்லை, நான் நம்பினேன். அட்டையை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய், பழையபடி சேலைகளுக்கு அடியில் வைத்தேன். இந்தத் தடவை பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.