அடிப்பக்கத்து நிறம்

என் வாழ்நாளில் நான் ஒரேயொரு போர்விமானம்தான் கட்டியிருக்கிறேன். ஒரு சாண் நீளம். லண்டனில் இருந்த பெரியப்பா கொழும்புக்கு வந்த யாரிடமோ கொடுத்துவிட்ட பெட்டியில், எண்பது பிளாஸ்டிக் துண்டுகளாக அது வந்து சேர்ந்தது. நான் ஒட்டி முடித்தபோது ஆறு துண்டுகள் மிஞ்சியிருந்தன. விமானியின் தலை பின்பக்கம் பார்த்தது. கண்ணாடி மூடியில் பசையோடு பதிந்த என் பெருவிரல் ரேகையை வைத்து என்னை எந்த நீதிமன்றத்திலும் நிறுத்தலாம்.

அப்போது எனக்குப் பத்து வயது. திருகோணமலையில் எங்கள் ஒழுங்கையில் பாதி வீடுகளுக்குப் பூட்டு. பள்ளிக்கூடம் நடந்த நாட்களைவிட நடக்காத நாட்களே அதிகம். கூடப் பிறந்தவர் யாருமில்லை. கூட விளையாடியவர்கள் ஒவ்வொருவராக எங்கெங்கோ போய்விட்டார்கள். நான் விமானியோடு கதைத்துக்கொண்டிருந்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாலும் கடைசிவரை கேட்கும் பண்பு அவனிடம் இருந்தது.

துறைமுகத்துக்கு அங்கால் இருந்து நிஜ விமானங்கள் எழும்பும்போது மதிலில் ஏறிப் பார்ப்பேன். அவை வளைகுடாவைத் தாண்டிப் போகும். கொஞ்ச நேரத்தில் திரும்பி வரும். போன இடத்தில் என்ன செய்தன என்பது என் ஆராய்ச்சிக்குள் வரவில்லை. வாலின் வடிவம்தான் என் கவலை.

அந்த நாட்களில்தான் வளைகுடாவுக்கு அங்கால் இருந்த கட்டைபறிச்சானிலிருந்து மாமியும் மச்சானும் ஒரேயொரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மாமா பிறகு வருவார் என்று எனக்குச் சொல்லப்பட்டது. மாமி அழுதுகொண்டிருந்தா. நானோ உள்ளுக்குள் துள்ளிக்கொண்டிருந்தேன். மச்சான் என்னைவிட மூன்றே மாதம் மூத்தவன்! கடவுள் என் விண்ணப்பத்தை ஒருவழியாகக் கவனித்துவிட்டார்.

ஆனால் மச்சான் கதைக்கவில்லை. மாபிள் குண்டுகள் காட்டினேன். தபால் முத்திரைகள் காட்டினேன். கதிரையில் கையூன்றித் தலைகீழாய் நின்று காட்டி, கதிரையோடு விழுந்தும் காட்டினேன். ஒன்றுக்கும் அசையவில்லை. மூன்றாம் நாள், வேறு வழியில்லாமல் விமானத்தை எடுத்துவந்து அவன் மடியில் வைத்தேன்.

அதுவரை அதைப் பார்த்தவர்கள் எல்லாரும் மேல்பக்கத்தைப் பார்த்து "வடிவாயிருக்கு" என்றவர்கள். மச்சான் அதைக் கவிழ்த்துப் பார்த்தான்.

"அடி இந்த நிறமில்லை," என்றான்.

பெரியப்பாவின் பெட்டியில் பெயின்ற் வரவில்லை. ஆகவே கேற்றுக்கு அடித்த வெள்ளி பெயின்றின் மிச்சத்தை மேலும் கீழும் பூசியிருந்தேன்.

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"பாத்தனான்."

"கிட்டவோ?"

"ஓம்."

"எவ்வளவு கிட்ட?"

முற்றத்துத் தென்னையின் உச்சி வட்டை நிமிர்ந்து பார்த்தான். "அதைவிடக் கொஞ்சம் மேல."

எனக்குப் பொறாமை தாங்கவில்லை. "நீ குடுத்து வைச்சனி, மச்சான்," என்றேன்.

அவன் விமானத்தைத் திருப்பி என் கையில் தந்தான். அடக்கமானவன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜன்னலுக்கு அடித்த வெள்ளையையும் சைக்கிளுக்கு அடித்த கறுப்பையும் சிரட்டையில் ஊற்றி ஈர்க்கால் கலக்கினோம். "இன்னும் வெள்ளை," என்பான். "காணாது. இன்னும்." பின்னேரம்வரை கலக்கி ஒரு சாம்பலில் "இதுதான்" என்றான். மிஞ்சியிருந்த துண்டுகளில் இரண்டு குட்டி உருளைகளைத் தெரிந்தெடுத்து, செட்டைகளின் கீழே அவற்றின் இடத்தையும் காட்டினான். நான் அவற்றை எண்ணெய்த் தாங்கிகள் என்று நினைத்திருந்தேன்; குண்டுகளாம். இப்படி ஒரு நிபுணனைச் சும்மா விடக்கூடாது. இவன் எங்கள் வீட்டிலேயே இருந்துவிட வேண்டும் என்று முடிவுசெய்தேன்.

அதற்கு நான் கண்ட வழி, என்னிடம் இருந்த ஒரே சொத்தை அவனுக்குக் கொடுப்பது. அதை வாயால் சொல்ல வெட்கம். அடுத்த நாள் மத்தியானம் அவன் பாயில் உறங்கியபோது கதிரை போட்டு ஏறி, மீன்பிடிக்கும் தங்கூசி நூலில் விமானத்தைக் கட்டி, அவன் முகத்துக்கு நேர் மேலே கூரை வளையில் தொங்கவிட்டேன். ஜன்னல் வழியே வந்த கடற்காற்றில் அது மெல்லத் திரும்பியது. அவன் கண் விழித்ததும் முதலில் தெரிவது அவன் சொன்ன அந்தச் சாம்பல்தான். கதவடியில் நின்று காத்திருந்தேன்.

கண் விழித்தான். சத்தம் போடவில்லை. எங்கே போனான் என்றும் எனக்குத் தெரியவில்லை, அவ்வளவு வேகம். குசினியில் அடுப்புக்குக் கீழே விறகுக்குள் தலையைச் செருகிக்கொண்டு கிடந்தான். காதுகளைப் பொத்தியிருந்தான்.

அம்மா விமானத்தைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. அறைந்தா.

"உனக்கு மூளை எண்டு ஒண்டு இருக்கே?"

இந்தக் கேள்வியைப் பின்னாளில் பலர் கேட்டிருக்கிறார்கள். முதலில் கேட்டது அம்மாதான்.

"பிள்ளையை அடியாதேங்கோ மச்சாள்," என்றா மாமி. "அவனுக்கு என்ன தெரியும்?"

அறையைவிட அதுதான் சுட்டது. எனக்கா தெரியாது? எண்பது துண்டுக்கும் பார்க்காமல் இலக்கம் சொல்வேன்.

இரண்டு நாளில் மாமியும் மச்சானும் உப்புவெளியில் இன்னொரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போனார்கள். ஓட்டோவில் ஏறும்போது மச்சான் என் பக்கம் திரும்பவில்லை. மாமாவும் வரவில்லை.

நான் நெடுநேரம் யோசித்தேன். பிழை எங்கே என்று கடைசியில் பிடித்தும்விட்டேன்: சாம்பல் காய்ந்தபின் சற்றுக் கறுத்திருந்தது. அவன் சொன்ன நிறம் அதுவல்ல. சிரட்டையைக் கழுவி, வெள்ளையைக் கூட்டிக் கலக்கி, அடிப்பக்கத்தைத் திரும்பப் பூசினேன். விமானத்தை அதே இடத்தில் கட்டிவிட்டு, அதற்குக் கீழே அவன் பாயையும் விரித்துவைத்தேன்.