ஊசி ஏறாத கார்

கை வைத்தால் அந்த ரப்பர் குழாய் குழந்தைக்குக் கொடுக்கும் பால்போத்தல் அளவுக்கு இளஞ்சூடாக இருக்கும்…

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்குள், காலை ஐந்தரைக்கு, நைட்டியும் டோர்ச்சுமாக பொனட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பேன். கடற்கரைப் பக்கம் ரயில் போகும். முன் ஃபிளாட் அன்ரி ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுவார். எனக்குப் பைத்தியம் முற்றிவிட்டது என்று நினைத்திருப்பார்.

மகள் பிறப்பதற்கு முந்தின கதை. அப்போது கொட்டாஞ்சேனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் படிப்பித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பஸ் மாறி, கசங்கிப்போய் வகுப்புக்குள் நுழைந்த காலம் முடிந்து, நானே ஓட்டிக்கொண்டு போகத் தொடங்கியிருந்தேன். செகண்ட் ஹேண்ட் ஜப்பான் கார்தான். ஆனால் காலி வீதியில் முதல் முறை தனியாக ஓட்டிய அன்று எனக்கு வந்த சந்தோஷம், சம்பளம் கூடிய அன்றுகூட வரவில்லை.

அதில் ஒரு விசித்திரம். எஞ்சின் சூட்டைக் காட்டும் ஊசி, குளிர் என்று காட்டும் C-யை விட்டு அசையவே அசையாது. பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். "கூலா ஓடுது, குடுத்து வச்சனீங்கள்!"

பெட்ரோலை மட்டும் தண்ணீராய்க் குடித்தது.

பிறகு புகைப் பரிசோதனையில் ஃபெயில். அங்கே நின்றவர் பேப்பரைத் தந்து, "பெட்ரோல் கூடுதலா எரியுது மிஸ்" என்றார். பிளக் மாற்றினோம், ஃபில்டர் மாற்றினோம். திரும்பவும் ஃபெயில்.

என் கணவர் ரமணனுக்கு அலுத்துவிட்டது. "காரின்ர லைசென்ஸ் முடிய ரெண்டு கிழமைதான் இருக்கு, புகை பாஸ் ஆகாட்டி புதுப்பிக்க ஏலாது. இன்னொருக்கா ஃபெயில் ஆனா வித்திடுவம்" என்றார். புரோக்கர் ஒருவர் வந்து காரைச் சுற்றிப் பார்த்துவிட்டும் போனார். திரும்பவும் பஸ்ஸா?

'ஊகிக்காதே, அளந்து பார்' என்று பிள்ளைகளுக்குச் சொல்வதை நானே செய்து பார்ப்போம் என்று தோன்றியது. முதல் கேள்வி… ஊசி பொய் சொல்கிறதா, எஞ்சின் உண்மையிலேயே சூடாகவில்லையா? பள்ளிக்கூட லாப் தெர்மோமீட்டர் ஒன்றை, சொல்லிவிட்டுத்தான், எடுத்து வந்தேன். கொட்டாஞ்சேனையிலிருந்து ஓட்டி வந்த உடனே ரேடியேட்டரின் மேல் குழாயில் துணியால் சுற்றிக் கட்டிப் பார்த்தேன். எண்பதுக்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் ஐம்பத்தைந்து டிகிரி. ஊசி பாவம், உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது.

அப்படியானால் ஏன்? காரோடு வந்த புத்தகத்தில் ஒரு படம் இருந்தது. எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே ஒரு சின்னக் கதவு, பெயர் தெர்மோஸ்டாட். தண்ணீர் நன்றாகச் சூடாகும்வரை அது மூடியிருக்க வேண்டும். மூடியிருந்தால் காலையில் ஸ்டார்ட் பண்ணிய முதல் நிமிடங்களில் அந்தக் குழாய் குளிராகவே இருக்கும், பிறகு சட்டென்று சுடும். அதற்காகத்தான் அந்த ஐந்தரை மணித் தவம். எங்கள் குழாயோ முதல் நிமிடத்திலிருந்தே மெல்ல மெல்ல இளஞ்சூடானது. கதவு திறந்தே கிடக்கிறது! எஞ்சினும் நாள் முழுக்க இன்னும் விடியவில்லை என்று நினைத்துக்கொண்டு பெட்ரோலைக் கூட்டி ஊற்றுகிறது.

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் கராஜ் வைத்திருந்த நிஸாம் நானாவிடம் கொண்டுபோய் அந்த இடத்தைக் கழற்றச் சொன்னேன். கழற்றியவர் சிரித்துவிட்டார்.

"உள்ளுக்கு ஒண்டுமே இல்ல மிஸ்! ஆரோ கழட்டி எடுத்திருக்கான். நல்லதுதானே… இது சூடான ஊரு, இஞ்ச என்னத்துக்கு அது?"

"எஞ்சினுக்கு ஊர் தெரியாது நானா. அதுக்கு அதின்ர சூடு வேணும்."

பின்னேரம் வீட்டுக்கு வந்து ரமணனிடம் சொன்னேன். அவர் முகம் பிரகாசமாகிவிட்டது.

"அதுவா? அத நான்தானே கழட்டுவிச்சனான்! வாங்கிக்கொண்டு வரேக்க கடுகண்ணாவ மலை ஏத்தத்தில கொதிச்சு நிண்டது… அங்க ஒரு கராஜ் பாஸ் கழட்டித் தந்தவர். அதுக்குப் பிறகு ஒரு நாளாவது கொதிச்சதா?"

"ஏனப்பா எனக்குச் சொல்லேல்ல?"

"நீர் கேக்கேல்லயே!"

சாமான் எதையும் எறியாத மனிதர் அவர். விரலை நீட்டினார். ஃபிரிட்ஜுக்கு மேலே, லைட் பில், தண்ணீர் பில் பறக்காமல் பாரமாக வைத்திருந்த பித்தளை வட்டம். நடுவில் ஒரு ஸ்பிரிங். மாதா மாதம் தூக்கித் தூக்கி வைத்திருக்கிறேன், பழைய பிரஷர் குக்கரின் ஏதோ துண்டு என்று நினைத்து!

கோபம் வந்தது. கொஞ்ச நேரத்தில் சிரிப்பும் வந்தது. கேத்தல் தண்ணீரைச் சட்டியில் கொதிக்கவிட்டு அதைப் போட்டுப் பார்த்தோம். கொதிநீரில் திறக்க வேண்டியது அசையவில்லை. மூடியபடியே இறுகிப் போயிருந்தது. ஆக, அதைக் கழற்றியது சரி. அந்த இடத்தை வெறுமையாக விட்டதுதான் பிழை.

சனிக்கிழமை பஞ்சிகாவத்தை ஸ்பெயார் பார்ட்ஸ் கடையொன்றில் புதியதொன்று வாங்கி, நிஸாம் நானாவிடம் பூட்டுவித்தோம். திரும்பி வரும்போது ஊசி C-யை விட்டு எழும்பியது. இரண்டு பேரும் ரோட்டை விட்டுவிட்டு ஊசியைப் பார்த்தோம். நான் அப்படிக் கண்டதே இல்லை, அவர் கண்டது கொதித்த அன்று மட்டும்தான்!

"நிப்பாட்டும், நிப்பாட்டும், கொதிக்கப்போகுது!"

நான் நிறுத்தவில்லை. ஊசி சரியாக நடுவில் வந்து நின்றது.

செவ்வாய்க்கிழமை புகைப் பரிசோதனையில் பாஸ். மகளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அந்தக் காரில்தான்.

இப்போதுள்ள காரில் ஊசியே இல்லை. காலையில் ஒரு நீல லைட் எரியும், எஞ்சின் சூடானதும் தானாக அணைந்துவிடும். ஏதாவது சந்தேகம் என்றால் ஃபோனில் கேட்கிறோம், அரை நிமிடத்தில் பதில். வசதிதான். ஆனால் ஒரு கேள்விக்காக ஐந்தரைக்கு அலாரம் வைத்து எழும்பி எத்தனை வருஷமாயிற்று…

போன கிழமை ஃபிரிட்ஜின் மேலே துடைத்தேன். பில்லெல்லாம் ஃபோனுக்கே வருவதால் அந்தப் பித்தளை வட்டத்துக்குக் கீழே ஒரு பேப்பர்கூட இல்லை.

"இனி என்னத்துக்கு அது? எறிஞ்சிடட்டா?" என்று அதைக் கையில் எடுத்தார், எதையும் எறியாத ரமணன்.

"இருக்கட்டுமப்பா" என்று பறித்து, துடைத்து, அதே இடத்தில் வைத்தேன்.