தாண்டிப் போன கை

மாசிலாமணி ஐயரைப் பற்றி எந்தச் சபையில் கேட்டாலும் ஒரே பேச்சுதான்: ஆள் பார்த்து நடக்காத மனுஷன். அதைக் கேட்கும்போதெல்லாம் அவர் பேச்சை மாற்றுவார்.

ஐயர் என்றால் பூணூல் போட்டவர் இல்லை. ஆங்கிலிக்கன் வழி வந்த சபைகளில் குருவானவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். இவருடைய அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். வீட்டில் முதல்முதலாகக் காலேஜுக்குப் போனவர் இவர்தான். குருப்பட்டம் வாங்கி வெள்ளை அங்கியோடு வந்து நின்ற மகனை அப்பா "வாங்க ஐயா" என்று கூப்பிட்டார். அதற்குப் பிறகு சாகும்வரை பேர் சொல்லிக் கூப்பிடவே இல்லை.

மதுராந்தகம் பக்கம் மூன்று கிராமங்களுக்குச் சேர்த்து ஒரே ஐயராக இருந்தார். அப்புறம் ராயபுரம், கடைசியாகத் திருவொற்றியூர். கண்டெய்னர் லாரிகளின் இரைச்சலுக்கு மேலே பிரசங்கம் பண்ண அவர் தொண்டையால்தான் முடியும் என்பார்கள். கழிமுகத்தில் எண்ணெய் பரவி வலையெல்லாம் பாழான வருஷம், கோயில் வாசலிலேயே அடுப்பு மூட்டி, எந்தச் சாமி கும்பிடுகிறவர் என்று கேட்காமல் சோறு போட்டார். அதையெல்லாம் ஊர் சொல்லும். அவர் நினைத்துக்கொண்டிருப்பது ராயபுரத்தில் நடந்த ஒன்றை.

அப்போது அவர் தங்கை ரூபாவதி அவர் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, கல்மண்டபம் பகுதியில் குடியிருந்தாள். காசிமேட்டில் இறால் உரிக்கப் போகிறவள். அவள் மகள் ஷாலுவுக்கு வலிப்பு. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கியும் நிற்கவில்லை. எண்ணூரில் தகரக் கொட்டகை போட்ட ஒரு பெந்தெகொஸ்தே சபையில் ஜெபித்தார்கள். மாத்திரையோ ஜெபமோ, வலிப்பு நின்றது. ரூபாவதி அங்கேயே முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டாள். ஆனாலும் ஞாயிறு காலையில் அண்ணன் கோயிலுக்கு வருவதை விடவில்லை.

குழந்தையில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் பெற்றவர் மறுபடி முழுக்கு எடுத்தால் திருவிருந்துப் பந்தியில் அப்பம் கிடையாது என்பது ஐயர் சபையின் சட்டம். அந்தச் சட்டத்தைச் சொல்லி ஐயர் ஏற்கெனவே இரண்டு குடும்பங்களை நிறுத்தியிருந்தார். சனிக்கிழமை சாயங்காலக் கமிட்டியில் ஒருவர் கேட்டே விட்டார்: "மத்தவங்களுக்கு ஒரு சட்டம், ஐயா வூட்டுக்கு ஒரு சட்டமா?"

மறுநாள் ரூபாவதி எப்போதும்போல் பீடத்துக்கு முன்னால் முழங்கால் போட்டு, கையைக் குவித்து ஏந்தினாள். ஐயர் வரிசையாக அப்பம் கொடுத்துக்கொண்டே வந்தார். அவர் கை அவளைத் தாண்டிப் பக்கத்து ஆளிடம் போனது. கவனிக்காமல் விட்டுவிட்டார் என்று நினைத்தாள் போலிருக்கிறது, ஏந்திய கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள்.

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. கொஞ்ச நாளில் எண்ணூருக்கே குடி போய்விட்டாள். "சொந்தத் தங்கச்சிக்கே இடம் குடுக்கலியே, அவரு ஐயரு!" என்று சபை பூரித்தது.

ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம் அவர் எண்ணூருக்குப் போய் அவள் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"இன்னாண்ணா, அட்ரஸு மாறி வன்ட்டியா?"

"இல்ல ரூபா. வர்ற ஞாயித்துக்கிழமை எனக்குப் பிரியாவிடை."

"தெரியும். போஸ்டரு ஒட்டிகீறாங்களே. உன் மண்டைல முடிலாம் வெச்சிகீறான்."

அவர் சிரித்தார். டீ வந்தது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "பந்திக்கு வா ரூபா. எந்தக் கமிட்டி இன்னா சொன்னாலும் நான் குடுப்பேன்."

"வேலைய வுட்டுப் போறப்போ குடுப்பேன்ற."

அவர் ஒரு வாய் டீ குடித்தார்.

"சட்டம்னு நிறுத்துன பாரு, அதுல எனக்குக் கோவமே இல்லண்ணா. சனிக்கெழமையே உனக்குத் தெரியும்ல? நடுவுல ரெண்டு தெரு. வந்து, 'நாளிக்கு முட்டி போடாத'ன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா வூட்டுலயே இருந்திருப்பேன்."

"வந்தா, தங்கச்சிக்கிட்ட ரகசியம் பேசுறேன்னு..."

"ஆங், ஊரு பேசும். அதான்." அவள் டம்ளரை வாங்கிக்கொண்டாள். "வரேண்ணா. உன் பிரியாவிடைக்கு நான் வராம யாரு வருவா? உக்காந்துகினு பாப்பேன். கைய மட்டும் நீட்ட மாட்டேன்."

சொன்னபடி வந்தாள். வெள்ளைப் புடவையில், கடைசி பெஞ்சில், மின்விசிறிக்குக் கீழே. நேரில் பார்த்தால் மனசு மாறும் என்று ஐயர் நம்பியிருந்தார். வரிசை வரிசையாக எல்லாரும் முழங்கால் போட்டு எழுந்து போனார்கள். கடைசி வரிசையும் போன பிறகு, தட்டில் மிஞ்சிய ஒரு துண்டோடு அவர் அங்கேயே நின்றார். பாடகர் குழு பாட்டை முடித்துவிட்டு, ஐயர் நகராததைப் பார்த்து மறுபடி முதல் சரணத்திலிருந்து பிடித்தது.

ரூபாவதி அவரை நேராகப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. பிறகு தலையைக் குனிந்து கண்ணை மூடி, தன்பாட்டுக்கு ஜெபிக்க ஆரம்பித்தாள்.

பிரதிஷ்டை பண்ணின அப்பம் மிஞ்சினால் எறியக்கூடாது, ஐயரே உட்கொண்டுவிட வேண்டும் என்பது முறை. அவர் சபைக்கு முதுகு காட்டி, பீடத்தைப் பார்த்துத் திரும்பி, அந்தத் துண்டை வாயில் போட்டுக்கொண்டார். மெதுவாக மென்றுகொண்டே நின்றார். பாட்டு முடிந்து, ஆசீர்வாதத்துக்காகச் சபை எழுந்து நின்று காத்திருந்தது.