நானாவின் அணி தோற்ற விதம்

என் நானாவின், அதாவது அண்ணனின், கல்லூரிக் கூடைப்பந்து அணியைத் தோற்கடித்தவள் நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. பந்தைக் கையால் தொட்டதுகூடக் கிடையாது.

மாத்தளையில் அதுவரை கிரிக்கெட் ஆடுகிற பிள்ளைகளைத்தான் ஆட்களாக மதிப்பார்கள். அந்த வருடம், பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் மாகாணப் போட்டியில் நானாவின் அணி வரிசையாக ஐந்து ஆட்டங்களை வென்றுவிட்டது. அரையிறுதியும் வென்றால் இறுதி ஆட்டம். அந்தக் கல்லூரி ஒருநாளும் எட்டிப் பார்க்காத இடம். நானாதான் அணித்தலைவர். "பந்தத் தட்டித் தட்டி என்னத்தக் கண்ட?" என்று முந்தின வருடம்வரை கேட்டுக்கொண்டிருந்த வாப்பா, இப்போது கடைக்கு மிளகு வாங்க வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி வைத்து ஸ்கோர் சொன்னார். மூன்று புள்ளி எதற்குக் கொடுக்கிறார்கள் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. சொல்வதென்னவோ நடுவர் மாதிரிச் சொல்வார்.

அரையிறுதி கண்டியில். விடியற்காலையிலேயே வேன் வாசலில் வந்து நின்று ஹோர்ன் அடித்தது. நானா ஒரு சப்பாத்தை மாட்டிக்கொண்டு மற்றதைத் தேடிக்கொண்டிருந்தார். பயிற்சி கொடுக்கும் சேர் உள்ளே எட்டிப் பார்த்து, பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதி வேண்டுமாம், போட்டோ கொப்பி செல்லாதாம் என்றார்.

"ஓடு, உம்மாட அலுமாரியில ஈக்கி, எடுத்துட்டு வா!" என்று நானா என்னை விரட்டினார்.

உம்மா அலுமாரிக்குப் பக்கத்தில் சுபஹ் தொழுதுகொண்டிருந்தார். தொழுகைக்கு நடுவில் பேசக்கூடாது. ஏதாவது அவசரம் என்றால் 'அல்லாஹு அக்பர்' என்ற தக்பீரை உரத்துச் சொல்வார். பால் பொங்கினாலும் அதுதான், பூனை மீன் சட்டியில் வாயை வைத்தாலும் அதுதான். எது என்று நாங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான் மேல்தட்டில் துழாவினேன், ஒன்றும் அகப்படவில்லை. கீழ்த்தட்டில், உம்மாவின் கல்யாணச் சேலைக்கு அடியில் ஓர் உறை இருந்தது. பிரித்தேன். பிறப்புச் சான்றிதழ், நானாவின் முழுப் பெயர். அதை எடுத்துக்கொண்டு திரும்பியதும் "அல்லாஹு அக்பர்!" என்று வீடே அதிர உம்மா சொன்னார். சுணங்காமல் ஓடு என்கிறார் என்று நினைத்தேன். ஓடினேன்.

உம்மா சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்து எழுந்து வாசலுக்கு வருவதற்குள் வேன் போய்விட்டது.

"எந்தத் தட்டுல எடுத்தாய் புள்ள? கீழ்த்தட்டுலயா? யா அல்லாஹ்!" என்றவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். வாப்பா நானாவின் போனுக்கு அழைத்தார். அது உள்ளே மேசைமேல் கிடந்து கத்தியது. மேல்தட்டு மூலையிலிருந்து இன்னொரு சான்றிதழை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாப்பா கண்டி பஸ் ஏறினார். காரியம் கெட்டதே அதில்தான்.

அங்கே நடந்ததை நானா பிறகுதான் எனக்குச் சொன்னார். நான் கொடுத்துவிட்டதில் நானாவுக்கு வயது இருபது. வயது கூடின ஆள் என்று அதிகாரிகள் அவரை ஓரமாக நிறுத்தி வைத்திருந்த நேரத்தில் வாப்பா வியர்க்க விறுவிறுக்கப் போய் மற்றதை நீட்டியிருக்கிறார். அதில் வயது பதினெட்டு. இரண்டும் மூலப்பிரதி. ஒரே பெயர், ஒரே தாய் தகப்பன், பிறந்த திகதி மட்டும் இரண்டு. கள்ளச் சான்றிதழ் என்று அவர்கள் முடிவு கட்ட வேறென்ன வேண்டும்?

அப்போதுதான் மைதானத்தில் அத்தனை பேருக்கும் முன்னால் வாப்பா சொன்னாராம்: "அது இவன்ட இல்ல சேர். இவனுக்கு மூத்தவன்ட. ஒரு வயசுல காய்ச்சல் வந்து மவுத்தாகிட்டான். அந்தப் பேரத்தான் இவனுக்கு வச்சோம்."

தனக்கு ஒரு நானா இருந்ததை என் நானா அந்த இடத்தில்தான் கேள்விப்பட்டார். கையிலிருந்த பந்து எப்போது நழுவியது என்றே தெரியவில்லை என்றார்.

அப்படியானால் மரணச் சான்றிதழைக் காட்டுங்கள் என்றார்கள். அது இல்லை. மாத்தளைக்கு வடக்கே நாலந்தாவில் குடியிருந்த காலத்தில் பிள்ளையை அடக்கினார்கள். மரணத்தைப் பதியப் போன வாப்பாவை உம்மா விடவில்லையாம். பதிந்தால் பிள்ளை இல்லாமலே போய்விடுவான் என்று அழுதாராம். வாப்பாவும் விட்டுவிட்டார். அன்று அணியை வெளியே அனுப்பினார்கள். வென்ற ஐந்து ஆட்டங்களையும் சேர்த்து வெட்டினார்கள்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? கள்ளச் சான்றிதழ் என்று சந்தைவரை பேச்சு. நானா யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே திரும்பமாட்டார். தன்னைத்தானா என்று யோசிக்கிறவர் மாதிரிக் கொஞ்சம் நிற்பார். பாவம். சத்தியமாக, என் கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது எனக்கு.

வாப்பா நாலந்தாப் பள்ளிவாசலில் கடிதம் வாங்கி, மரணத்தைப் பதியும் படிவத்தையும் கொண்டுவந்தார். தாயின் கையெழுத்து வேண்டுமாம். மூன்று நாள் அது மேசைமேல் கிடந்தது. உம்மா அந்தப் பக்கமே போகவில்லை. நான்காம் நாள் பயிற்சிக்குப் போன நானா பாதியிலேயே திரும்பி வந்தார். தான் இருந்தால் திரும்பவும் அணியை வெட்டிவிடுவார்கள் என்று மற்றப் பிள்ளைகள் தன்னோடு ஆடப் பயப்படுகிறார்கள் என்றார். உம்மா பேனையை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

போட்டுவிட்டு, பக்கத்து வீட்டார் என்னவோ ஏதோவென்று ஓடி வரும் அளவுக்குக் கதறி அழுதார். அரசாங்கக் கடதாசியில் இருபது வயதுவரை வளர்ந்திருந்த தன் மூத்த மகனை உம்மா அன்றைக்குத்தான் மவுத்தாக்கினார். எனக்கு அது விளங்கவில்லை. கிட்டப் போய் அவர் தோளைக் கட்டிக்கொண்டு, "அழாதீங்க உம்மா, அடுத்த வருஷம் நம்மட ஆக்கள் வெல்லுவாங்க" என்றேன்.