எல்லாவற்றுக்கும் "ஓம்" சொன்ன படம்

மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றரின் புகை முதலில் மூக்கை எரிக்கும், பிறகு நாக்கில் கசக்கும், அதற்குப் பிறகுதான் ரீவியில் படம் தெரியும். மின்சாரமே இல்லாத, மண்ணெண்ணெயும் அரிதாயிருந்த அந்தப் போர்க்கால ஆண்டுகளில், வட்டக்கச்சியில் எங்கள் ஒழுங்கையிலிருந்த தருமண்ணன் தன் உழவு இயந்திரக் கொட்டிலைத் தார்ப்பாய்ப் படங்கால் சுற்றி மறைத்து, பட்டப்பகலிலேயே வீடியோ "டெக்" வைத்துப் படம் போடுவார். விளக்குக்கு வைத்திருக்கும் எண்ணெயில் வீட்டுக்கு ஒரு போத்தல் கொடுக்கவேண்டும். கொடுத்தவர்கள்தான் என்ன படம் என்பதையும் தீர்மானிப்பார்கள். சனிக்கிழமை ஆண்களின் "அடிபிடிப் படம்", ஞாயிற்றுக்கிழமை பெண்களின் குடும்பப் படம். பன்னிரண்டு வயதில் நானும் மச்சாள் வசந்தியும் சனிக்கிழமைகளில் படங்குக்கு வெளியே நின்று, உள்ளே கேட்கும் "ஊ... ஆ..." சத்தத்துக்கு ஏங்கியிருக்கிறோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடும்பப் படக் கசற்றில் பூஞ்சணம் பிடித்துவிட்டதென்றும், கையில் ஒரு சீனப் படம் மட்டும் இருக்கிறதென்றும் தருமண்ணன் சொன்னார். அதன் கசற்றுப் பெட்டியின் மேல் ஒரு குதிரையும், ரயிலும், சவப்பெட்டியும், அளவு நாடா பிடித்த ஒருவனுமாய்ப் படம் போட்டிருந்தது. பெண்கள் போத்தல்களைத் தூக்கிக்கொண்டு எழும்பிவிட்டார்கள். அப்போதுதான் வசந்தி என் முதுகில் கைவைத்து முன்னே தள்ளினாள்.

"அம்மா, இவள் பாத்தவள்! பரந்தனில பெரியம்மா வீட்டில பாத்தவளாம். திறமான படமாம்!"

நான் பார்க்கவில்லை. வசந்தியின் அம்மா செல்வம் மாமி என்னை உற்றுப் பார்த்தா.

"அழுகை இருக்கோடி பிள்ளை?"

"ஓம்."

"பேய்?" என்றா பேய்க் கதையில் உயிரையே வைத்திருந்த பாக்கியமக்கா.

"ஓம்."

"சும்மா அழுகை இல்லையடி. தாயும் பிள்ளையும் பிரிஞ்சு சேருற அழுகை?"

"ஓம்."

எனக்குச் சிறுவயதிலிருந்தே கூச்சம். "இல்லை" என்றால் பிறகு விளக்கம் சொல்லவேண்டும். "ஓம்" என்றால் கதை அத்தோடு முடிந்துவிடும். "இவள் வாய் திறக்கிறதே அருமை, பொய் சொல்லமாட்டாள்" என்று பாக்கியமக்கா தீர்ப்புச் சொல்ல, எல்லாரும் திரும்பவும் நிலத்தில் இருந்தார்கள். அம்மா மட்டும் என் காதுக்குள், "கடைசிப் போத்தலடி இது. இனி ஒரு கிழமைக்கு எங்களுக்கு விளக்கில்லை" என்றா.

படத்தில் நாயகன் ஒரு தையல்காரன். அளவு நாடாவைச் சுழற்றி வாள்களைப் பறித்தான். குதிரையில் ரயிலைத் துரத்தினான். ரயில் நிறையச் சவப்பெட்டிகள், பெட்டிகளுக்குள் பேய்கள். பேய்களை அடித்துக் களைத்ததும் அவற்றுக்கே சட்டை தைத்துக் கொடுத்தான். ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனாலும் கொட்டில் சிரித்துக் குலுங்கியது. வாய் திறக்கவே வெட்கப்பட்ட எனக்கு, எதற்குமே வெட்கப்படாத அந்தப் படத்தைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு விரிந்தது. இது பேய்ப்படமா, சிரிப்புப்படமா, சண்டைப்படமா என்று கேட்டால் அதுவும் என்னைப்போல எல்லாவற்றுக்கும் "ஓம்" என்றுதான் சொல்லியிருக்கும்.

ஆனால் அழுகை வரவில்லை. தருமண்ணன் கடைசிப் போத்தலை ஊற்றினார்.

"எங்கயடி தாய்?" என்றா மாமி. "படம் முடியப்போகுது."

திரையில், நெஞ்சுவரை வெள்ளைத் தாடி வைத்த வில்லனோடு கடைசிச் சண்டை. தையல்காரன் நாடாவை வீசினான்; நாடா தாடியில் சிக்கியது; இழுத்தான். தாடி கையோடு வந்தது.

உள்ளே ஒரு பெண்!

அவள் மடியிலிருந்து ஒரு சின்னஞ்சிறு சட்டையை எடுத்துத் தையல்காரனின் நெஞ்சில் வைத்துப் பார்த்துவிட்டு ஓவென்று அழுதாள். அதற்கு மொழி தேவைப்படவில்லை.

"ஐயோ, பெத்தவளையெல்லோ அடிச்சுப்போட்டாய், பாவி!" என்று மாமி சீலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தா. அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து ஒரு பேய் பாய, தாய் மகனைக் கட்டி அழுதபடியே அதற்கு ஒரு உதை விட்டாள். கொட்டில் முழுக்க எழும்பிக் கைதட்டியது. அம்மாவும் தட்டினா. பாக்கியமக்கா என் கன்னத்தைக் கிள்ளி, "இனி இவள் சொல்லுற படம்தான்" என்றா. அதன் பிறகு பல ஞாயிற்றுக்கிழமைகள் அப்படித்தான் நடந்தது. கூச்சம் போகவில்லை, ஆனால் என் "ஓம்" என்ற சொல்லுக்கு அந்த ஒழுங்கையில் ஒரு மதிப்பு வந்தது.

இப்போது வீட்டுக்கு வீடு மின்சாரம் இருக்கிறது. சமைத்து முடித்த பிறகு அப்படிப்பட்ட படங்களைக் கைத்தொலைபேசியில் தனியே பார்க்கிறேன். பிள்ளைகளும் காதில் வயரைச் செருகிக்கொண்டு தங்கள்பாட்டில் பார்க்கிறார்கள். தருமண்ணனின் கொட்டில் இருந்த இடத்தில் மதில் எழும்பிவிட்டது, படம் தொடங்க முன் "அழுகை இருக்கோ?" என்று கேட்க ஆளில்லை. ஆனாலும் அன்றைக்கு, அடுத்த ஏழு நாளும் வீடு இருட்டாகத்தான் இருக்கும் என்று தெரிந்துகொண்டே இருபது பெண்கள் ஒரு தையல்காரனுக்காக எழும்பிக் கைதட்டினார்கள். அந்தப் படத்தை நான்தான் போடவைத்தேன்.