அந்த ஆடுற பாட்டு மட்டும் காணுமாம்

இண்டைக்கு மத்தியானம் ஜெர்மனியில எங்கட கெல்சென்கிர்ச்சன் தமிழர் கோடை விழாக் குழுச் செயலாளர் அண்ணை போன் எடுத்தார். சனிக்கிழமை மேடையில பாட மூசாவைக் கூப்பிட்டது நான்தான்.

மூசா என்னோட லாகரில, அதுதான் சாமான் கிடங்கில, பெட்டி ஏத்தி இறக்கிறவர். ஐவரி கோஸ்டில ஊரறிஞ்ச ரெகே பாடகர். ஜனாதிபதியை எதிர்த்துப் பாடி, உயிர் தப்ப இஞ்ச வந்தவர். இப்பவும் லீவு நாளில மேடை ஏறுறார்.

"தங்கச்சி, அரசியல் பாட்டு வேண்டாமெண்டு அவரிட்டச் சொல்லுங்கோ. பிறந்தநாளுகளுக்குப் போடுவமே, அவரின்ர அந்த ஆடுற பாட்டு மட்டும் பாடினாக் காணும்."

அரசியலால அகதியா வந்தவை நடத்துற விழா இது! வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிப்போட்டு, இடைவேளைக்கு மூசாவிட்டச் சொன்னன்.

அவர் சிரிச்ச சிரிப்பில கையில இருந்த கோப்பி ஊத்துப்பட்டுது.

"அந்தப் பாட்டாலதான் என்னை நாட்டை விட்டுக் கலைச்சவங்கள். கருத்து விளங்கிற வரைக்கும் ஆமிக்காரரும் அதுக்கு ஆடினவங்கள்."

அவரின்ர பாஷை எங்களில ஒருத்தருக்கும் தெரியாதே!

உடன அண்ணைக்கு எடுத்தன். "ஓம் அண்ணை, நீங்கள் கேட்ட பாட்டைத்தான் பாடுவார்."

"சந்தோசம் தங்கச்சி. அறிவிப்பையும் நீங்களே செய்யுங்கோ."

மைக்கையும் தந்திட்டார்.

மூசா பாட்டின்ர கருத்தை ஜெர்மன் பாஷையில சொல்லச் சொல்ல, வரி வரியாத் தமிழில எழுதி முடிச்சிட்டன். ஒரு சொல்லும் குறைக்கேல்லை.

சனிக்கிழமை எல்லாரும் வாங்கோ. வடிவா ஆடுங்கோ. பாட்டு முடிய நான் கருத்தை வாசிப்பன். பிறகு மூசா அதையே திரும்பப் பாடுவார்.

அப்ப ஆர் ஆர் ஆடுறியள் எண்டு பாப்பம். அப்பவும் ஆட இப்பவே பேர் தாறவை கீழ எழுதுங்கோ.