உயிலின் நாலு மூலையிலும் மஞ்சள்

செத்த பிறகு எது யாருக்கு என்று, நன்றாக இருக்கிற மனிதர்களிடம் கேட்டுப் பிழைக்கிற தொழில் என்னுடையது. மும்பை மாட்டுங்காவில் ஆபீஸ். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு இங்கே சொத்தோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கு உயில் எழுதி, வரி யோசனையும் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை விமானம் ஏறியிருந்தால் நீங்களும் நம்ம கட்சிதான், கேளுங்கள்.

இல்லாத காலம்

தாராவியில் முறுக்குக் கம்பெனி நடத்தி, செம்பூரில் ஃபிளாட் வாங்கிய தங்கராஜ் அண்ணாச்சி மனைவி செல்லம்மாளோடு வந்தார். மகன் பதினைந்து வருஷமாக லண்டனில். மகள் பொன்னி, கணவன் குழந்தைகளோடு அதே ஃபிளாட்டில் இருந்து இவர்களைப் பார்த்துக்கொள்கிறாள்.

"என் மரணத்துக்குப் பிறகு" என்று நான் ஆரம்பித்ததும் அண்ணாச்சி முகம் சுருங்கியது. "நான் இல்லாத காலத்தில்" என்று மாற்றச் சொன்னார். அப்படி எழுதினால் கோயில் கொடைத் திருவிழாவுக்கு நீங்கள் திருநெல்வேலி போகிற பத்து நாளும் வீடு கைமாறிவிடுமே என்றேன். செல்லம்மாள் நிதானமாகச் சொன்னார்: "அப்ப இந்த வருசம் கொடைக்குப் போவாண்டாம். அவுக சொன்னபடியே எழுதிருங்க சார்."

லண்டன்காரன் பங்கு

நகை மகளுக்கு, வீடு மகனுக்கு என்பது அவர்கள் சொந்தத்தில் மாறாத வழக்கம். நகையைப் பொன்னி கல்யாணத்திலேயே போட்டாயிற்று. வீடும் மகனுக்குப் போனால், அவள் நாளைக்கு அண்ணன் தயவில்தான் குடியிருக்க வேண்டும். எனக்கு மனசு உறுத்தியது. ஆனால் குடும்பத்துக்குள் மூக்கை நுழைப்பது என் வேலையில்லை. வரியை மட்டும் சொன்னேன்.

இங்கே வாரிசுச் சொத்துக்கு வரி கிடையாது. லண்டனில் உண்டு. அங்கே நெடுநாள் இருந்தவர் காலமானால் அவர் பெயரிலுள்ள செம்பூர் ஃபிளாட்டையும் சேர்த்துப் பார்ப்பார்கள். அதுவும் மொத்தச் சொத்து ஒரு வரம்பைத் தாண்டினால்தான். இந்தக் கடைசி வாக்கியத்தை நான் முடிப்பதற்குள் அண்ணாச்சி எழுந்துவிட்டார்: "வெள்ளக்காரன் போயி எம்புட்டு வருசமாச்சு, இன்னும் என் வீட்டு மேல கண்ணா? மவளுக்கே எழுதுங்க சார்."

மஞ்சள்

"என் காலத்துக்குப் பிறகு" என்று ஒரு வழியாகச் சமாதானமானோம். நல்ல நேரம் பார்த்துக் கையெழுத்து. சாட்சிகள் போட்டதும் செல்லம்மாள் பையிலிருந்து மஞ்சளை எடுத்து, நான் தடுப்பதற்குள் நாலு மூலையிலும் தடவிவிட்டார்.

மகனுக்கு நகல் அனுப்பினேன். அவனுடைய லண்டன் வக்கீல், தாள் மழையில் நனைந்ததா என்று கேட்டாராம். மகன் போனில் சிரித்தான்: "எங்க வீட்ல கல்யாணப் பத்திரிகைக்கும் உயிலுக்கும் ஒரே சீல்தான்னு சொல்லிட்டேன் சார். தங்கச்சிக்கு வீடு, எனக்கு ரொம்ப சந்தோஷம்."

ஃபீஸ்

எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. பாதியைக் கேட்டுவிட்டு முடிவெடுத்துவிட்டாரோ? செம்பூருக்கே போய் அந்த வரம்பை மறுபடி விளக்கினேன். வேண்டுமானால் உயிலை மாற்றலாம் என்றேன். பொன்னி டீ வைத்துவிட்டு உள்ளே போகும்வரை அண்ணாச்சி காத்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்: "மவளுக்குத்தான்னு உங்ககிட்ட வாரதுக்கு முன்னாலயே முடிவு பண்ணிட்டேன் சார். சொந்தக்காரன் கேட்டா சொல்ல ஒரு காரணம் வேணும்லா, அதுக்குத்தான உங்களுக்கு ஃபீஸு."

அன்றிலிருந்து யார் வந்தாலும் நான் வரியைப் பற்றிப் பேச்செடுப்பதற்கு முன், என்ன காரணம் வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.